மாயாவியும் இரண்டு மைனஸும்

இரண்டு மைனஸைப் பெருக்கினால் பிளஸ். பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் படித்தது. இரண்டு மைனஸைக் கூட்டினால்? இன்னும் பெரிய மைனஸ்தான் வரும், இதில் என்ன சந்தேகம் என்பீர்கள். பம்மலில் ஒரு சின்னத் தோல் கம்பெனியின் கம்ப்யூட்டரில் அப்படி வரவில்லை. ஒரு வருட விற்பனை மைனஸ் 1 கோடியே 91 லட்சம். அடுத்த வருட விற்பனை மைனஸ் 1 கோடியே 68 லட்சம். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டச் சொன்னால் பிளஸ் 70 லட்சம்!

விற்பனை எப்படி மைனஸில் போகும், சரக்கு வாங்கியவர்கள் எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் கையில் காசும் வாங்கிக்கொண்டு போனார்களா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். அதைத்தான் அந்தக் கம்பெனியின் கணக்கு சாரும் கேட்டார். கொஞ்சம் முன்கதை வேண்டும்.

பம்மல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது நாடக உலகின் சம்பந்த முதலியார். இன்னும் சிலருக்குக் கமல் படம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தோல் வாசனை. பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் வட்டாரம் முழுக்கத் தோல் தொழில் இருந்த இடம். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அப்படி ஒரு சின்னக் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவரின் மகள் பி.காம் கடைசி வருடம். "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல நல்லா பண்ணும் முதலாளி" என்று அப்பா சொல்லிவைத்ததில், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கணக்கு சாருக்கு உதவியாளர் வேலை.

வங்கியில் ஓ.டி. வரம்பை உயர்த்தக் கேட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு வருட விற்பனைக் கணக்கு வேண்டும். பில்கள் பத்துப் பன்னிரண்டு எக்செல் கோப்புகளில் பத்துப் பன்னிரண்டு விதமாகக் கிடந்தன. அவள் இணையத்தில் இலவசமாகப் பைத்தான் கற்றுக்கொண்டவள். ஒரு நிரல் எழுதி எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தாள். ரொம்ப உஷாரான பெண் வேறு. தசம எண்களைக் கம்ப்யூட்டர் அப்படியே வைத்துக்கொள்ளாது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று சொல்லும், அதனால் பணக் கணக்கில் தசமம் ஆகாது என்று படித்திருந்தாள். எனவே எல்லா ரூபாயையும் பைசாவாக்கி முழு எண்களாகவே வைத்துக்கொண்டாள். சரியான புத்திமதி. சரியாகவே பின்பற்றினாள். வினை அங்கேதான் வந்தது.

கூட்டுவதற்கு அவள் பயன்படுத்தியது நம்பை என்கிற லைப்ரரி. வெள்ளிக்கிழமை இரண்டு வருடத்தையும் சேர்த்து ஒரே கூட்டலாகப் போட்டாள். 70,19,292 ரூபாய் 54 பைசா. பைசா வரைக்கும் வந்திருக்கிறதே, தப்பாகவா இருக்கும்? அச்செடுத்து முதலாளி மேஜையில் வைத்துவிட்டாள். கணக்கு சார் மகள் வளைகாப்புக்காக ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை வந்தவர், "வருஷம் வருஷமா தனித்தனியா போட்டுக் குடும்மா, பேங்க்ல கேப்பாங்க" என்றார். தனித்தனியாகப் போட்டாள். இரண்டு மைனஸ்.

"என்னம்மா இது, நாம சரக்கு வித்தோமா, வாங்கினோமா?"

அவளுக்கு வியர்த்தது திரையில் தெரிந்த மைனஸைப் பார்த்து இல்லை. மைனஸ் தப்பு என்று யாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கொடுத்த தாளில் மைனஸ் இல்லையே! அது பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்ததே!

சரி, நடந்தது என்ன?

முதலில் அவள் செய்தது நல்ல காரியம். அதே பில்களை நம்பை இல்லாமல், வெறும் பைத்தானில் ஒவ்வொன்றாகக் கூட்டினாள். 4,99,68,965 ரூபாய் 50 பைசா வந்தது. கணக்கு சார் மனக்கணக்காகச் சொன்ன "அஞ்சு கோடிக்குக் கொஞ்சம் கம்மி" என்பதோடு ஒத்துப்போனது. அப்படியானால் பைத்தான் சரி, நம்பை தப்பா? நம்பையும் பைத்தான்தானே?

மேலே பார்த்தால் பைத்தான். உள்ளே பார்த்தால் சி.

பைத்தானில் ஒரு எண் வெறும் எண் இல்லை. உறை போட்ட கடிதம் மாதிரி. உறையின் மேல் இது என்ன வகை, எத்தனை பேர் இதைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கும். உள்ளே எண் இருக்கும். இன்றைய 64 பிட் கணினியில் சாதாரண முழு எண் ஒன்றுக்கு 28 பைட் ஆகிறது. எண் பெரிதானால் உறையும் பெரிதாகிக்கொள்ளும், அதனால் பைத்தானின் முழு எண்ணுக்கு மேல் வரம்பே கிடையாது. நினைவகம் இருக்கிற வரை வளரலாம். சௌகரியம்தான், ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். பத்து லட்சம் எண்களைக் கூட்ட வேண்டுமானால் பத்து லட்சம் உறைகளைப் பிரித்து, வகை பார்த்து, கூட்டி, விடையை மறுபடி உறையில் போட வேண்டும்.

சி மொழியில் உறை கிடையாது. ஒரே அளவான பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். நான்கு பைட் என்றால் எல்லாம் நான்கு பைட். நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் அதைப் பிராசஸரின் சொந்தக் கட்டளைகளாக மாற்றி வைத்துவிடும். ஓடும்போது யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

நம்பை செய்வது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு. எண்களைத் தனித்தனி உறையில் போடாமல் சி மாதிரி வரிசையாக அடுக்கி, "இந்த வரிசை முழுக்க இந்த வகை" என்று ஒரே ஒரு சீட்டு ஒட்டிவைக்கும். நீங்கள் "கூட்டு" என்றால், பைத்தானிலிருந்து ஒரே ஒரு முறை கீழே இறங்கும். ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த சி நிரல் வரிசை முழுவதையும் கூட்டி முடிக்கும். கடைசியில் ஒரே ஒரு விடை உறைக்குள் வைக்கப்பட்டு மேலே வரும். ஒவ்வொரு தக்காளிக்கும் ஒரு தடவை கோயம்பேடு போய் வந்தால் எப்படி இருக்கும்? ஒரே நடையில் ஒரு கூடை வாங்கி வந்தால் எப்படி இருக்கும்? வித்தியாசம் அவ்வளவுதான். (நம்பையை வைத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாக எடுத்துக் கூட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் தினமும் கோயம்பேடு பஸ்ஸில்தான் இருப்பார்கள்.)

இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1995ல் ஜிம் ஹியூகுனின் எழுதிய நியூமரிக் என்ற லைப்ரரியில் ஆரம்பித்தது. டிராவிஸ் ஒலிஃபண்ட் அதையும் அதன் போட்டியாளரான நம்அர்ரேயையும் ஒன்றாக்கி உருவாக்கிய நம்பையின் 1.0 பதிப்பு 2006ல் வந்தது. அணிக் கணக்குகளுக்கு இன்னும் கீழே போகவேண்டும். அங்கே போர்ட்ரான் மொழியில் எழுதிய லாபேக் இருக்கிறது, முதல் வெளியீடு 1992. போர்ட்ரான் மொழியே ஐ.பி.எம்.மில் 1957ல் வந்தது. ஆக, இன்றைக்குக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுதுகிற ஒரு வரி, அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிவைத்த நிரலைப் போய் எழுப்புகிறது.

இப்படி மேலே எளிய மொழி, கீழே வேகமான மொழி என்று கட்டும் வேலையில் நம்மூருக்கும் பங்கு உண்டு. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கிண்டி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ். 2000ஐ ஒட்டிய வருடங்களில் அங்கே விண்வெளிப் பொறியியல் துறையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் பிரபு ராமச்சந்திரன். திரவமும் காற்றும் ஓடுவதைக் கணக்கிட்டால் கட்டுக்கட்டாக எண்கள்தான் கிடைக்கும். அதை முப்பரிமாணப் படமாகப் பார்த்தால்தான் எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது என்று புரியும். படம் வரைய வி.டி.கே. என்ற அருமையான மென்பொருள் 1993லிருந்தே இருந்தது. எழுதியது சி++ மொழியில். சும்மா ஒரு படம் பார்க்கவும் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும். அவர் அதன் மேல் பைத்தானில் ஒரு கருவியை எழுதி, எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். பெயர் மாயாவி.

வி.டி.கே.யைப் பைத்தானோடு இணைக்கும் பாலத்தைக்கூட யாரும் உட்கார்ந்து கையால் எழுதவில்லை. வி.டி.கே.யின் சி++ தலைப்புக் கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் இணைப்பு நிரலைத் தானாகவே எழுதித் தள்ள ஒரு நிரல் இருக்கிறது. ஆனால் அப்படி வந்த பைத்தான் பேசினாலும் சி++ வாடையோடுதான் பேசும். மொழிபெயர்த்த டிவி விளம்பரம் மாதிரி. அதனால் மாயாவியின் அடுத்த தலைமுறையில் டி.வி.டி.கே. என்று இன்னொரு அடுக்கைப் போட்டார்கள். அதில் பெயர்கள் பைத்தான் பாணியில் இருக்கும். நம்பை வரிசையை அப்படியே நீட்டலாம். பெரும்பாலும் எண்களைப் பிரதி எடுக்காமலே, "இதோ, நினைவகத்தில் இந்த இடத்தில் இருக்கிறது" என்று முகவரியை மட்டும் கீழே கொடுத்துவிடும். பிரபு ராமச்சந்திரன் பிறகு ஐ.ஐ.டி. பாம்பேயில் பேராசிரியரானார். மாயாவியைப் பற்றி அவரும் கேல் வரோக்கோவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2011ல் வந்தது.

பெயரைப் பாருங்கள், மாயாவி! தமிழில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு வேறொரு மாயாவி ஞாபகம் வரும். 1972ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இரண்டு மாயாவிகளுக்கும் சம்பந்தம் கிடையாது, பெயர்ப் பொருத்தம்தான். ஆனால் இந்த மாதிரி லைப்ரரிகளை விளக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. கீழே இருக்கிற சி நிரல் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. என்றைக்காவது ஒருநாள் அந்த இரும்புக் கை மட்டும் தெரியும்.

எப்போது தெரியும் என்பது மேலே போர்த்தியவர்களின் கவனத்தைப் பொறுத்தது. போர்த்துகிறவர்களுக்கு முக்கியமாக மூன்று வேலை. மேலே உள்ள எண்ணைக் கீழே உள்ள பெட்டியின் வகைக்கு மாற்றித் தர வேண்டும். நினைவகத்தை யார் எப்போது விடுவிப்பது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் பிழையை மேலே உள்ளவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். லாபேக்குக்குச் சமன்பாட்டைத் தீர்க்க முடியாவிட்டால், விடையோடு கூட ஒரு சின்ன எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் சௌக்கியம். வேறு எண் என்றால் கோளாறு. நம்பை அதைப் பார்த்துவிட்டு, இந்த அணிக்கு நேர்மாறு கிடையாது என்று பைத்தான் பிழையாக நிறுத்திச் சொல்லும். இரண்டாவது வேலையில் தவறினால் நிரல் விளக்கமே சொல்லாமல் பட்டென்று செத்துப்போகும். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரு வரி மட்டும் மிஞ்சும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். செத்தது தெரிகிறதே!

பம்மலில் நடந்தது முதல் வேலையில் உள்ள சிக்கல். இதில் எதுவும் சாகாது.

32 பிட் பெட்டியில் அடங்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் 2,14,74,83,647. பைசாவாகப் பார்த்தால் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. ஒரு பில் அதற்குள் அடங்கும். ஒரு வருட விற்பனை அடங்காது. அடங்காவிட்டால் என்ன ஆகும்? பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99,999க்கு அப்புறம் 00,000க்கு வருமே, அதே கதை. ஒரு வித்தியாசம், இங்கே சுற்றின் பின்பாதியை மைனஸ் எண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உச்சத்தைத் தாண்டி ஒரு பைசா சேர்த்தால் அடியாழத்து மைனஸுக்குப் போய்விழும். முழுச் சுற்று 4,29,49,67,296. இரண்டாவது வருட விற்பனை 2,61,48,35,050 பைசா. அது பாதியைத் தாண்டியது, முழுச் சுற்றைத் தாண்டவில்லை, ஆகவே மைனஸ். இரண்டு வருடமும் சேர்ந்து 4,99,68,96,550 பைசா. அது ஒரு முழுச் சுற்றையே முடித்துவிட்டு மறுபடி பிளஸ் பக்கம் வந்து நின்றது. கழித்துப் பாருங்கள், 70,19,29,254 பைசா. வெள்ளிக்கிழமைத் தாளில் இருந்த அதே எண்!

ஏன் 32 பிட்? அதற்கும் கீழேதான் போக வேண்டும். சி மொழியில் லாங் என்ற வகை லினக்ஸில் 64 பிட், விண்டோஸில் 32 பிட். நம்பை தன் வழக்கமான முழு எண்ணுக்கு அந்த லாங்கையே எடுத்துக்கொண்டிருந்தது. அதே நிரலைத் தோழியின் லினக்ஸ் கணினியில் ஓட்டியிருந்தால் சரியான விடை வந்திருக்கும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0ல் இதை மாற்றி, 64 பிட் விண்டோஸிலும் 64 பிட் எண்ணையே வழக்கமாக்கினார்கள். அதன் உச்சம் பைசாவிலேயே எண்ணினாலும் 900 கோடி கோடி ரூபாய்க்கு மேல். எந்தத் தோல் கம்பெனியும் அவ்வளவு விற்காது. ஆனால் அங்கே இருந்தது பழைய விண்டோஸ், அதில் பழைய நம்பை.

எச்சரிக்கையாவது கொடுக்கக் கூடாதா? ஒவ்வொரு கூட்டலுக்கும் வழிந்ததா, வழிந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். வேகத்துக்காகத்தானே கீழே இறங்கினோம்! கீழே இருப்பவரின் வேகம் வேண்டுமென்றால் அவருடைய வரம்பும் கூடவே வரும். மேலே பைத்தான் மாதிரி தெரிகிறதே என்று, பைத்தான் கொடுத்த வாக்குறுதியைக் கீழே போய்க் கேட்க முடியாது.

திருத்தம் என்னவோ ஒரே ஒரு சொல்தான். இந்த வரிசை 64 பிட் என்று ஆரம்பத்திலேயே குறிப்பிட்டாள், முடிந்தது. கஷ்டமான வேலை அதற்கு அப்புறம் இருந்தது. மதியம் வங்கிக்குப் போக வேண்டிய ஃபைலில் அந்த வெள்ளிக்கிழமைத் தாள் இருந்தது. சொல்லாமல் தாளை மட்டும் மாற்றி வைத்துவிடலாம். அப்பாவுக்குக் கெட்ட பெயர் வராது. கணக்கு சாரும் மைனஸை மட்டும்தான் பார்த்திருந்தார்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்துபோய் முதலாளியிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழமை குடுத்தது தப்பு சார். அஞ்சு கோடி கிட்ட வரணும். எழுபது லட்சம்னு குடுத்துட்டேன்."

முதலாளி ஃபைலைத் திறந்தார். அந்தத் தாளின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. கம்பெனி சீலும் இருந்தது. எழுபது லட்சம் என்ற எண்ணை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. முதலாளி கணக்கு சாரை நம்பினார். கணக்கு சார் இவளை நம்பி ஊருக்குப் போனார். இவள் நம்பையை நம்பினாள். நம்பை சியை நம்பியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எழுபது லட்சம் என்று அந்தத் தாள் போயிருந்தால் ஓ.டி. உயர்ந்திருக்காது, அந்த மாதச் சம்பளமே இழுபறியாகியிருக்கும். அதில் அவள் அப்பாவின் சம்பளமும் அடக்கம்.

முதலாளி திட்டவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "புதுசா எடுத்துட்டு வாம்மா, இந்தத் தடவை படிச்சுட்டுப் போடறேன்" என்றார். வெளியே வந்ததும் கணக்கு சார்தான் கொஞ்சம் பேசினார். "மிஷின் கூட்டட்டும், வேணாங்கல. ஆனா அது சொல்றதுக்கு முன்னாடி எவ்ளோ வரும்னு உன் மனசுல ஒண்ணு இருக்கணும். மாசம் இருபது லட்சம் வித்தா வருஷத்துக்கு எவ்ளோ? இதுக்கு மிஷின் எதுக்கு?"

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னாள். ஃபேக்டரியில் அதற்குள் செய்தி போயிருந்தது. சி, பைத்தான், 32 பிட் எதுவும் அவருக்குப் புரியவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, கீழே இருப்பது மேலே தெரியாது என்ற இடம் மட்டும் புரிந்தது.

"தோலும் அப்படித்தாம்மா. மேல ஃபினிஷிங் போட்டு பளபளன்னுதான் வரும். அடியில முள்ளு கிழிச்ச கோடு இருக்கும். கையால தடவி, இழுத்துப் பார்த்துட்டுத்தான் நான் கத்தியே வைப்பேன்."

சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.